பாலத்துக்கு அந்தப் பக்கம் நல்ல மீன் கிடைக்கும்

வாசகரே, உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் உங்களுக்கு முன்பாக ஒருவர் அங்கே வந்து காத்திருப்பார். அவர்தான் வழிகாட்டி ஆசாமி. யாரும் அவரை அமர்த்துவதில்லை, யாரும் அவரை நீக்கவும் முடியாது. ஸ்கிராபிள் போட்டி நடக்கிற ஊர்களில் இந்த இனம் கொஞ்சம் செழிப்பாகவே விளைகிறது. எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் சேர்க்கும் ஆட்டத்துக்காக நாள் முழுக்கக் கார் ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள், அகராதியில் பாதியை மனப்பாடமாக வைத்திருப்பார்கள், ஆனால் வந்திறங்கிய ஊரில் காலைச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் ஓட்டல் வாசலில் பெட்டியோடு விழித்துக்கொண்டு நிற்பார்கள். இப்படிப்பட்ட அப்பாவிகள் கூட்டமாக வந்து இறங்கினால் வழிகாட்டி முளைக்காமல் என்ன செய்வார்?

சிகாகோவுக்கு வடக்கே உள்ள எங்கள் மில்வாக்கியில் அவர் பெயர் வெர்னன் பிரஸ்கி. போட்டிக் கூடத்தில் கெட்டிக்காரர்கள் முதல் மேசையில் உட்காருவார்கள். தோற்கத் தோற்கப் பின்மேசைக்குத் தள்ளப்படுவார்கள். வெர்னனுக்குக் கடைசி மேசை கிட்டத்தட்டப் பட்டா போட்டுக் கொடுத்த இடம். அது கதவுக்குப் பக்கத்தில், காபிப் பானைக்கு எதிரில் இருக்கிறது. வருகிற ஒருவர்கூடத் தப்ப முடியாது.

அவரிடம் கழிவறை எங்கே என்று கேட்டால், இந்த ஓட்டலை இடித்துக் கட்டியதற்கு முன்னால் கழிவறை எங்கே இருந்தது என்பதிலிருந்து தொடங்குவார். வழி சொல்லும்போது, இப்போது இல்லாத கடைகளை வைத்துத்தான் சொல்வார்: "பழைய செருப்புக்கடை இருந்துச்சு பாருங்க, அங்க இடது பக்கம் திரும்புங்க." வரைபடத்தைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். தூரம் எதுவானாலும் பத்து நிமிஷம். ஏரிக்கரை பத்து நிமிஷம், விமான நிலையம் பத்து நிமிஷம், மனம் வைத்தால் சிகாகோகூடப் பத்து நிமிஷத்தில் வந்துவிடும்.

எப்போதும் தவறாகவே சொல்கிற மனிதரால் ஆபத்து இல்லை. வெர்னன் நடுநடுவே சரியாகச் சொல்லிவிடுவார். "கூடத்துல ஏசி எலும்பைத் துளைக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கங்க" என்பார். உண்மையிலேயே துளைக்கும். அத்தோடு நீங்கள் அவர் கையில் விழுந்தீர்கள்.

மார்லிஸ் ஓஃப்டெடால் விழுந்தது அப்படித்தான்.

மார்லிஸ் வடக்கு டகோட்டாவில் மைனாட் என்கிற ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பனி முழங்கால் வரை கொட்டினாலும் ஒரு பிள்ளையைக்கூட நிறுத்தத்தில் காக்க வைத்ததில்லை என்று ஊரில் பெயர். அந்த ஊர் நூலகத்துச் சங்கத்தில் ஏழெட்டுப் பேரோடு ஆடிக்கொண்டிருந்தவரை அவர்கள்தான் பிடித்துத் தள்ளி இந்தப் போட்டிக்கு அனுப்பியிருந்தார்கள். முதல் பெரிய போட்டி. வந்தவர் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தால் முதல் மேசைக்கு வந்துவிட்டார். மிச்சமிருந்தது கடைசி ஆட்டம் ஒன்றுதான். எதிரில் சிகாகோ பல் டாக்டர் ரோசலிண்ட் ஏச்சிசன். இந்தப் போட்டியில் ஏற்கெனவே கோப்பைகளை அடுக்கி வைத்திருப்பவர்.

சாப்பாட்டு இடைவேளையில் வெர்னன் மார்லிஸிடம் வந்து நின்றார். வேடிக்கை பார்க்க வந்திருந்த நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"முட்டை சாண்ட்விச் கட்டிட்டு வந்திருக்கேன்."

வெர்னன் துக்கம் விசாரிக்க வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். "மில்வாக்கி வரைக்கும் வந்துட்டு முட்டை சாண்ட்விச்சா? ஊருக்குப் போய் என்னன்னு சொல்வீங்க?"

"முட்டை சாண்ட்விச் சாப்பிட்டேன்னு சொல்வேன்."

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மீன் கடை இருக்கு. வெளியூர்க்காரங்க யாருக்கும் தெரியாது. பத்து நிமிஷம்."

"வேணாங்க. ஆட்டத்துக்கு நேரமாயிடும்."

"இந்தத் தெருவெல்லாம் எனக்கு உள்ளங்கை மாதிரி. நான் கூட்டிட்டுப் போய் நானே கொண்டாந்து விடறேன்."

டகோட்டாப் பக்கத்தில் ஒருவர் உபசரித்தால் இரண்டு தடவை மறுப்பது மரியாதை, மூன்றாவது தடவையும் மறுப்பது பகை. மார்லிஸ் இரண்டு தடவை மறுத்துவிட்டார். மூன்றாவது தடவை கோட்டை எடுத்துக்கொண்டார். எனக்கும் பசி. பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

கடை இருந்த இடத்தில் நாய்களுக்கு முடிவெட்டுகிற கடை இருந்தது. வேறு யாராக இருந்தாலும் முகம் வாடியிருக்கும். வெர்னனுக்கு அதெல்லாம் கிடையாது. "இடம் மாத்திட்டான், கெட்டிக்காரன்" என்று கடைக்காரரைப் பாராட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார். இரண்டு தெரு சுற்றி, ஒருவழிப்பாதையில் மாட்டி, கடைசியில் ஒரு கடையைக் கண்டுபிடித்தோம். அது அந்தக் கடை இல்லை. ஆனால் மீன் நன்றாக இருந்தது. மொறுமொறுவென்று, ரை மாவு ரொட்டியோடு, அவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டியதில்லை. மோசமாக இருந்திருந்தால் அவரை மனதாரத் திட்டவாவது முடிந்திருக்கும்.

திரும்பி வரும்போது பாலத்தருகே மணி அடித்தது. தடுப்புக் கம்பு இறங்கியது. பாலம் நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் மெதுவாக மேலே எழும்பியது. எதற்காக? ஒரே ஒரு பாய்மரப் படகுக்காக. அதில் தொப்பி போட்ட ஒரு மனிதர் கையில் பியரோடு நின்று எங்களுக்குக் கை காட்டினார். வெர்னனும் சந்தோஷமாகக் கை காட்டினார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் மார்லிஸ்.

"இதென்ன, கண் மூடித் திறக்கறதுக்குள்ள இறங்கிடும். இந்தப் பாலத்துக்கு ஒரு கதை இருக்கு, கேளுங்க."

"வெர்னன், சாவியைக் குடுங்க."

குரல் உயரவில்லை. ஆனால் பஸ்ஸில் பின்வரிசையில் காகித உருண்டை எறிகிற பயலைச் சட்டென்று உட்கார வைக்கிற குரல் அது. வெர்னன் சாவியை நீட்டிவிட்டுப் பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்தார். மார்லிஸ் வண்டியைப் பின்னால் எடுத்த அழகை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு லாரிகளுக்கு நடுவே ஊசியில் நூல் கோத்ததுபோல எடுத்து, ஆற்றோரமாகவே அடுத்த பாலத்துக்கு விட்டார்.

அந்தப் பாலமும் எழும்பிக்கொண்டிருந்தது. அதே படகு. அதே மனிதர். எங்களை அடையாளம் கண்டுகொண்டு முன்னைவிட உற்சாகமாகக் கை காட்டினார். இந்தத் தடவை வெர்னன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

நாங்கள் கூடத்துக்குள் ஓடி வந்தபோது, முதல் மேசையில் மார்லிஸின் கடிகாரம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆளுக்கு இருபத்தைந்து நிமிஷம் என்பது விதி. ஆள் வராவிட்டாலும் நேரம் போகும். பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. மார்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கட்டைகளை எடுத்தார்.

அதுபோல ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. டாக்டரம்மா யோசித்து யோசித்து வைத்தார். இவர் கட்டை கைக்கு வந்ததும் வைத்தார். நடுவில் ஏழு கட்டையையும் ஒரே சொல்லில் இறக்கி ஐம்பது புள்ளி கூடுதலாக அள்ளியபோது, சுற்றி நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கடைசிக் கட்டையை வைத்தபோது மார்லிஸ் எட்டுப் புள்ளி முன்னால் இருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார்கள். நேரம் முடிந்து சில வினாடிகள் ஆகியிருந்தன. அதற்குப் பத்துப் புள்ளி வெட்டு.

இரண்டு புள்ளியில் தோல்வி.

ரோசலிண்ட் எழுந்து கை நீட்டினார். "நீங்க நேரத்துக்கு வந்திருந்தா என்னை அடிச்சிருப்பீங்க."

"ஆமா" என்றார் மார்லிஸ்.

வெர்னன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "பிரமாதம். வயிறு நிறைஞ்சிருந்தாத்தான் மூளை வேலை செய்யும்னு நான் எப்பவும் சொல்றது."

மார்லிஸ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "ஒரு சந்தேகம் கேக்கட்டா? அது தூக்குற பாலம்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம? பொறந்ததுலேருந்து இந்த ஊர்ல இருக்கேன்."

"ஞாயித்துக்கிழமைன்னா படகு போகும்னு தெரியுமா?"

"சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

வெர்னன் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "நீங்க கேக்கவே இல்லையே."

இதுதான் வாசகரே, இந்த இனத்தின் சாரம். நீங்கள் கேட்காத ஆயிரம் விஷயத்தைச் சொல்வார். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய ஒன்று மட்டும் அவர் வாயில் வராது.

நான் காபி எடுத்துக்கொண்டு வெளியே போனபோது, மார்லிஸ் கார் நிறுத்துமிடத்தில் ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். நூலகத்தில் எல்லோரும் கூடி உட்கார்ந்திருந்தார்கள் போல. "இல்ல, ரெண்டாவதுதான். ஆமா, நெருக்கத்துல போச்சு. இல்ல, யாரு தப்பும் இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சாப்பாடா? மீன் ரொம்ப நல்லா இருந்துச்சு."

அத்தோடு அவர் இந்த ஊர்ப்பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார் என்று நினைத்தேன். மறு வருஷம் வந்தார். வந்த முதல் நாள் காலையில், கனடாவில் வின்னிபெக்கிலிருந்து வந்த ஒருவர் ஓட்டல் வாசலில் பெட்டியோடு விழித்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மார்லிஸ் அவர் பக்கத்தில் போய்விட்டார்.

"இங்க சாப்பிடாதீங்க, ஆம்லெட் ரப்பர் மாதிரி இருக்கும். வடக்க போனா ஒரு கடை இருக்கு. பாலமே தாண்ட வேண்டாம். அந்தப் பக்கம் நாய்க்கு முடி வெட்டற கடை ஒண்ணு வரும், அதை விட்டுருங்க."

நாய்க்கு முடிவெட்டுகிற கடை ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு மதியம் இந்தத் தெருக்களில் வண்டி ஓட்டியவர், எத்தனை நிச்சயமாகக் கையை நீட்டிச் சொல்கிறார். வெர்னன் காபிக் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்று, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

வின்னிபெக்காரர் முதல் ஆட்டத்துக்கு வந்து சேரவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் தெருவில் ஒருவர் பைக்கை ஓரமாக நிறுத்தி உங்களிடம் ஏதோ ஓர் இடத்துக்கு வழி கேட்டாரே, நீங்கள் கேள்விப்பட்டே இராத இடம், நினைவிருக்கிறதா? "தெரியாதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கேட்டு முடிப்பதற்குள் உங்கள் கை எந்தப் பக்கம் நீண்டது?