காட்டு வண்டிக்கு ஒரு மாமனார்

“எல்லாரும் கீழ இறங்குங்க” என்றார் மாமனார்.

மாப்பிள்ளை அப்போதுதான் சாவியைத் திருகப் போனான். பக்கத்து இருக்கையில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். பின்னால் சாமான் தட்டில், சுருட்டிக் கட்டிய புது மெத்தைமேல் சாய்ந்துகொண்டு மாமியார் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். மாமனார் மட்டும் இன்னும் ஏறவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நோயாளியின் நாக்கைப் பார்க்கும் டாக்டர் மாதிரி முன் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா?”

“டயர்ல காத்து பாத்தீங்களா?”

“நேத்துதான் பாத்தேன் மாமா.”

“நேத்து நாம போகலையே மாப்பிள்ளை. இன்னைக்குல்ல போறோம்.”

மாப்பிள்ளை இறங்கினான்.

மலைமேல் ஓர் ஆரஞ்சுத் தோட்டத்தில் மேற்பார்வையாளர் வேலை அவனுக்குக் கிடைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வேலையோடு ஒரு வீடும் கொடுத்திருந்தார்கள். வீடு மேலே இருந்தது. இவர்கள் நின்றுகொண்டிருந்த பழக் கிடங்கு அடிவாரத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே கல்லும் குழியுமாக ஒரு செங்குத்துப் பாதை. அதற்கென்றே தோட்டத்தில் இந்த நான்கு சக்கர வண்டியை வாங்கி வைத்திருந்தார்கள். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. முன்னால் மூன்று பேர் உட்கார இடம், பின்னால் சாமான் தட்டு, தலைக்கு மேல் இரும்புக் குழாயில் ஒரு கூண்டு. தோட்டத்தில் எல்லோரும் அதைக் காட்டு வண்டி என்பார்கள்.

மனைவி இன்னும் இங்கே குடிவரவில்லை. “அப்பா வந்து வீட்டைப் பாக்கட்டும். அவர் சரின்னா நான் இருக்கேன். இல்லன்னா சாயங்கால ரயில்ல அவரோட திரும்பிடுவேன். நீங்களும் வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்து சேருங்க” என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். தன் சமையலைத் தானே சாப்பிட்டு நாக்குச் செத்துப்போயிருந்தான் மாப்பிள்ளை. அவனுக்கு இந்த வேலையும் வேண்டும், மனைவியும் வேண்டும். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே வேண்டும். பேராசை ஒன்றும் இல்லை.

ஆனால் வீட்டைப் பார்க்க வேண்டிய மாமனார் வண்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதுதான் அவருடைய தொழில். பஸ் டிப்போவில், காலையில் வெளியே கிளம்பும் பஸ்களைச் சோதித்து ‘போகலாம்’ என்று அனுப்பும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவர் கைகளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மாப்பிள்ளை கிடங்கிலிருந்து காற்றடிக்கும் பம்ப்பைக் கொண்டுவந்தான். மூச்சு முட்ட அடித்து நிமிர்ந்தான்.

“இவ்வளவு காத்தா?” என்றார் மாமனார். “கல்லுப் பாதையில பந்து மாதிரி தூக்கிப் போடுமே. கொஞ்சம் எறக்குங்க.”

இறக்கினான். அவசரத்தில் வால்வையே அழுத்தித் திருகிவிட்டான். உள்ளே இருந்த சின்னப் பின் ‘விஸ்’ என்று பறந்து புல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதன் பின்னாலேயே டயரில் இருந்த காற்று முழுவதும் நிம்மதியாக வெளியே வந்தது.

“இப்ப சரியா எறங்கிடுச்சு” என்றார் மாமனார்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று மாப்பிள்ளை பார்க்க விரும்பவில்லை. கிடங்கு வாசலில் நின்ற டிரெய்லரின் சக்கரத்திலிருந்து ஒரு பின்னைக் கழற்றி வந்து, வண்டிக்கு ஜாக்கி வைக்கக் குனிந்தான்.

“பாரத்தோட ஜாக்கி போடுவாங்களா?”

மெத்தை இறங்கியது. கேஸ் அடுப்பு இறங்கியது. பாத்திர மூட்டை, ஆளுயரக் கண்ணாடி, கடைசியாக மாமியார், எல்லாம் இறங்கின. மாமியார் ஒரு பழக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அடுத்த பழத்தை எடுத்தார். அந்த இடத்திலேயே கவலையில்லாமல் இருந்த ஒரே ஆள் அவர்தான்.

டயரில் காற்று ஏறியது. மாமனார் கேட்பதற்கு முன்னால் நாமே ஒன்றைச் செய்துவிடுவோம் என்று மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை வந்தது. அவனுக்கு வரும் யோசனைகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். இன்ஜின் மூடியைத் திறந்து ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தான். ஆயில் அடியில்தான் ஒட்டியிருந்தது. உடனே கிடங்கில் இருந்த டப்பாவைக் கொண்டுவந்து தாராளமாக ஊற்றினான். “ஆயிலும் பாத்துட்டேன் மாமா!” என்றான் பெருமையாக.

மாமனார் வண்டியைப் பார்த்தார். ஜாக்கியைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“ஒரு பக்கமா தூக்கிக்கிட்டு நிக்கிற வண்டியில ஆயில் பாக்கலாமா மாப்பிள்ளை? சமமான தரையிலல்ல பாக்கணும்?”

ஜாக்கியை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தால், கம்பியில் கோட்டுக்கு மேலே வெகுதூரம் ஆயில் நின்றது. கூடுதல் ஆயிலோடு ஓட்டினால் இன்ஜின் வீணாகிவிடும் என்றார் மாமனார். மாப்பிள்ளை வண்டிக்கு அடியில் படுத்து, கீழே இருந்த போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினான். அது கொஞ்சமாகத் தளரும் போல்ட் இல்லை. கையோடு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரலால் அடைத்து, போல்ட்டைத் தேடிப் பூட்டி வெளியே வருவதற்குள், கறுப்பு ஆயில் சரிவில் ஓடி வழியில் இருந்ததையெல்லாம் நனைத்துவிட்டது.

“ஐயோ, என் மெத்தை!” என்று அலறினாள் மனைவி.

“துடைச்சுடலாம்...”

“எதை வச்சு? உங்க சட்டையை வச்சா?”

அவள் சட்டையைச் சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை தன் சட்டையைப் பார்த்தான். மாமனார் வருகிறார் என்பதற்காகத் தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டை. இனி அதை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

“ஆத்திரப்படாதீங்க” என்றார் மாமனார் இருவருக்கும் பொதுவாக. “ஹேண்ட் பிரேக் பிடிக்குதா பாருங்க.”

மாப்பிள்ளை வெளியே நின்றபடியே லிவரை இழுத்தான்.

“இன்னும்” என்றார் மாமனார்.

இழுத்தான்.

“இன்னும் கொஞ்சம்.”

‘டக்’ என்றது. லிவர் தளர்ந்து ஆடியது. வண்டி யாரையும் கேட்காமல் மெதுவாகப் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. பின்னால் சாய்த்து வைத்த ஆளுயரக் கண்ணாடி. அதற்கும் பின்னால் பழக்கூடைமேல் மாமியார். “அம்மா!” என்று மனைவி கத்தினாள். மாப்பிள்ளை ஓடிப்போய் உள்ளே பாய்ந்து, கால் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தான். கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

“கால் பிரேக் நல்லா இருக்கு” என்றார் மாமனார், திருப்தியாக.

சக்கரங்களுக்குப் பின்னால் கல்லை வைத்துவிட்டு, அறுந்த கேபிளைக் கம்பியால் முறுக்கிக் கட்டினான் மாப்பிள்ளை. விரலெல்லாம் கிழிந்தது. லிவரை இழுத்தான். நன்றாகப் பிடித்தது. வண்டியை இருவரும் தோள் கொடுத்துத் தள்ளியும் அசையவில்லை.

“பிடிக்குது” என்றார் மாமனார். “விடுமா?”

விடவில்லை. கடப்பாரையைக் கொண்டுவந்து நெம்பி விடுவிக்கும்போது மாப்பிள்ளை சில வார்த்தைகளைச் சொன்னான். அவற்றை அவன் பல்லுக்குள்ளேயே வைத்துக்கொண்டதால் குடும்பத்தில் அமைதி நிலவியது.

“அப்பா, ரயிலுக்கு நேரம் ஆகுது” என்றாள் மனைவி. குரலில் ஒரு மாதிரி முடிவு தெரிந்தது. அவள் பார்வை வண்டியைவிட்டு, கிடங்கு வாசலில் வைத்திருந்த தன் துணிப்பெட்டிக்குப் போயிருந்தது.

“இதோ, கிளம்பிட்டோம்!” என்று சாமான்களை வாரித் தட்டில் போட்டான். கனமானதைக் கீழே வைக்கவில்லை என்பதற்காக ஒரு தடவை, கயிறு தளர்ந்திருக்கிறது என்பதற்காக ஒரு தடவை, எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. கடைசியில் மெத்தைமேல் ஆயில் படாத பக்கமாகப் பார்த்து மாமியாருக்குக் கைகொடுத்தான்.

“தட்டுல ஆள் ஏத்தக் கூடாது” என்றார் மாமனார். “ஏத்தத்துல ஒரு குலுக்கல் போதும், ஆள் கீழ. முன்னால இருக்கறது மூணு சீட்டு, மூணு பெல்ட்டு. நாம நாலு பேர்.”

“சரி மாமா, ரெண்டு ட்ரிப்பா போலாம்!”

“போலாம். ஆனா ரெண்டு தடவை செக் பண்ணணும்.”

மாப்பிள்ளை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். அதன் உள்ளே யாருக்கும் தெரியாமல் தலையில் அடித்துக்கொள்ள முடியாது என்பது ஒரு குறைதான். பெல்ட்டைப் போட்டான். சாவியைத் திருகினான். இன்ஜின் முதல் திருகலிலேயே கிளம்பியது. முன் விளக்கு எரிந்தது, பின் விளக்கு எரிந்தது. அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். மூன்றாவது இருக்கை காலியாக இருந்தது.

“ஏறுங்க மாமா!”

மாமனார் ஒரு காலைப் படியில் வைத்தார். எடுத்தார்.

“ஹாரன்?”

“மாமா, காட்டுல யாருக்கு மாமா ஹாரன் அடிக்கணும்?”

“வளைவுல எதிர்ல யாராவது வந்தா?”

“இந்த வண்டி ஒண்ணுதான் மாமா இருக்கு. எதிர்ல நாமேதான் வரணும்!”

“அடிச்சுக் காட்டுங்க.”

அடித்தான். அடித்தது. கையை எடுத்தான். அப்போதும் அடித்தது. குத்திப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். மலை முழுக்க எதிரொலித்தது. பறவைகள் தோட்டத்தைக் காலி செய்துகொண்டு பறந்தன. மாமியார் காதைப் பொத்தியதில் பழம் கீழே விழுந்தது. மாப்பிள்ளை ஸ்டீயரிங்குக்கு அடியில் கையை விட்டு, கைக்கு அகப்பட்ட ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான்.

ஹாரன் நின்றது. விளக்குகளும் அணைந்தன. இன்ஜினும் நின்றது. சாவியை எந்தப் பக்கம் திருகினாலும் வண்டி மூச்சு விடவில்லை.

மாமனார் பெருமூச்சு விட்டார். “நல்லவேளை, இங்கயே தெரிஞ்சுது.”

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் மாப்பிள்ளைக்குள் பொங்கி வந்தது. பெல்ட்டைக் கழற்றி இறங்கி, ஹெல்மெட்டைத் தரையில் போட்டான்.

“போதும் மாமா! காத்து பாத்தாச்சு, ஆயில் பாத்தாச்சு, பிரேக் பாத்தாச்சு. வீட்டை மட்டும் பாக்கவே மாட்டீங்க! உங்களுக்கு நான் இங்க இருக்கறது பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க. இந்த வண்டியை வச்சு என் உயிரை வாங்காதீங்க. உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க, நான் வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன். மனசிருந்தா நடந்து வந்து வீட்டைப் பாருங்க. இல்லன்னா ஆளை விடுங்க!”

மாமனாரை எதிர்த்துப் பேசிய பிறகுதான் பேசிவிட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மாமனாரின் முகத்தில் மட்டும் பளிச்சென்று வெளிச்சம் வந்தது.

“நடந்தா?” என்றார். “தாராளமா போலாமே! அதை முதல்லயே சொல்லக் கூடாதா மாப்பிள்ளை?”

செருப்பு வாரை இழுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வயதான மனிதர் என்று நம்ப முடியவில்லை. கல்லுக்குக் கல் தாவி, வளைவுகளில் திரும்பி நின்று “வாங்க, வாங்க” என்று இவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறினார். மாப்பிள்ளை நாக்குத் தள்ள மேலே வந்தபோது, அவர் வீட்டு வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

இனி ஜன்னல் ஜன்னலாகச் சோதிக்கப் போகிறார் என்று மாப்பிள்ளை பயந்தான். கொல்லைக் கதவைக் கழற்றச் சொன்னாலும் சொல்வார். ஆனால் மாமனார் உள்ளே போனார், குழாயைத் திறந்து இரண்டு கை தண்ணீர் குடித்தார், சமையலறையில் தலையை நீட்டினார், வெளியே வந்து தோட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். ஒரு டயர் பார்த்த நேரம்கூட ஆகவில்லை.

“நல்ல வீடும்மா. நல்ல காத்து. நீ இங்கயே இரு” என்றார் மகளிடம்.

மனைவி சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்து மாப்பிள்ளை பார்த்தது அதுதான் முதல் தடவை. “அடுப்பை அந்த ஜன்னலோரமா வைக்கலாங்க. மெத்தையை மட்டும் நீங்களே தோய்ச்சுக் குடுத்துடணும்” என்றாள். அவளுக்கு மெத்தை என்ன, மலையையே தோய்த்துக் கொடுக்கத் தயாராக இருந்தான் அவன்.

கடைசியாக வந்து சேர்ந்த மாமியார் படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். கோபமெல்லாம் போய் மாமனார்மேல் மதிப்பு பொங்கியது.

“அத்தை, காலையிலேர்ந்து மாமாவை மனசுக்குள்ள கன்னாபின்னான்னு திட்டிட்டேன். யோசிச்சா அவர் சொன்னது அத்தனையும் நியாயம். அந்த ஹேண்ட் பிரேக்கோட ஏறியிருந்தா நாம என்ன ஆகியிருப்போம்? இப்படி ஒருத்தர் பாத்து அனுப்பின பஸ்ல போனவங்க எல்லாம் குடுத்து வச்சவங்க அத்தை.”

மாமியார் தண்ணீரை விழுங்க முடியாமல் சிரித்தார். புரையேறி, தலையில் தட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“நீங்க வேற மாப்பிள்ளை! டிப்போ வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து அவர் ஒரு பஸ்ல ஏறினது கிடையாது. ரயில், இல்லன்னா நடை. அந்த பஸ்ஸையெல்லாம் எந்த லட்சணத்துல பாத்து அனுப்பினாருன்னு அவருக்குத்தானே தெரியும்!”