தோன் சக்கரியாஸ் போட்ட பெருக்கல் குறி

வாழ்க தோன் சக்கரியாஸ் போமா! அரெக்கிப்பா நகரின் மேட்டுத் தெருக்களில் காலமெல்லாம் பேருந்து ஓட்டிப் பள்ளங்களை வென்று, போக்குவரத்துக் காவலரைப் பணியவைத்து, இன்று முழங்கால் வலியோடு ஓய்ந்திருக்கும் சக்கர வேந்தர் வாழ்க! அவர் கொண்ட சினத்தை உள்ளபடி உரைக்கப் புகுகிறேன். மிஸ்தி எரிமலையே, நீ சாட்சி நில்.

அந்தோ, அச்சினம் ஒரு நாளில் மூண்டதன்று. அவர் நம்பி நம்பித் தேர்ந்த குடியரசுத் தலைவர்களுள் ஒருவர் சிறை புகுந்தார், ஒருவர் விமானம் ஏறினார், ஒருவர் பதவியேற்ற களைப்புத் தீருமுன்னே பதவியிழந்தார். இம்முறையோ மேசைவிரிப்பளவு வாக்குச்சீட்டில் கரண்டி, சேவல், செருப்பு, குடை எனச் சின்னங்கள், எங்களில் ஒன்றன்மேல் பெருக்கல் குறி இடுக என்று, படையெனத் திரண்டு நின்றன. அவற்றுள் குடையே அவர் வயிற்றை மிக எரித்தது. மழை அரிதான ஊரில் குடைபிடித்து வந்த வேட்பாளர் ரொசெந்தோ, மூன்று கட்சிகளைத் தின்று ஏப்பம் விட்டு நான்காவதைத் தானே தொடங்கியவர். வாக்களிக்கத் தவறினால் அபராதம் என்பது அந்நாட்டுச் சட்டம்; எழுபது வயதாகிவிட்டால் மட்டும் விலக்கு. நம் வீரருக்கோ இன்னும் சில வாரம் பாக்கி. ஆகவே சூளுரைத்தார்.

"எவனுக்கும் கிடையாது! மூலைக்கு மூலை கோடு போட்டு, எல்லாப் பயலையும் ஒரே அடியா அடிச்சிட்டு வர்றேன்!"

ஞாயிற்றுக்கிழமை அடோபோவுக்காகப் பன்றியிறைச்சியை மண்பானையில் கொதிக்கவிட்டிருந்த மனைவி தோமித்திலா திரும்பியும் பார்க்கவில்லை.

"அடிங்க, நல்லா அடிங்க. ஆனா முதல் ஆளா போய் நிக்காதீங்க. சாவடி ஆளுங்க வரலேன்னா வரிசைல நிக்கிறவங்களத்தான் பிடிச்சு உக்கார வைப்பாங்க."

அடோபோ ஆறுமுன் திரும்பும் ஆவலில் வீரர் அதைச் செவிமடுத்தாரில்லை. பள்ளிக்கூட வாயிலில் வரிசையின் தலையாய் மார்நிமிர்த்தி நின்றார். உள்ளே ஒரு நாற்காலி காலியாயிருந்தது. குலுக்கலில் சாவடித் தலைவியாகிவிட்ட செவிலியர் மாணவி யெசேனியா வெளியே வந்தாள்.

"ஐயா, வாங்க, உக்காருங்க. எண்ணி முடியறவரைக்கும் நீங்களும் எங்களோடதான்."

"எனக்கு எழுபதாகப் போகுது மகளே!"

"ஆகட்டும், அப்ப விட்டுடறோம்."

இங்ஙனம் சிறைப்பட்ட சிங்கம், அமருமுன் தன் வாக்கைச் செலுத்த அட்டைத் தடுப்புக்குள் புகுந்தது. பேனாவை வாளென உருவி, மேல்மூலையினின்று கீழ்மூலைக்கு ஒரு வெட்டு, மறுமூலையினின்று இன்னொரு வெட்டு. கரண்டி சாய்ந்தது, சேவல் வீழ்ந்தது, செருப்பு அறுந்தது! வாழ்நாளில் முதன்முறையாக எவரையும் நம்பாத இன்பம் அவர் நெஞ்சில் பொங்கியது. மையிட்ட விரலோடு பெருமிதமாக வந்து அமர்ந்தார்.

பிறகு பசித்தது. பகல் முழுதும் வேறு வேலையின்றி விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தார். மாலையில் வாக்குகளை எண்ணும்போது, கோடு கட்டத்தைத் தாண்டிவிட்டதென்று ஒரு சேவல் வாக்கைக் கரண்டிக் கட்சியின் முகவர் செல்லாததாக்க முயல, நம் வீரர் மேசையில் அறைந்து முழங்கினார்.

"கோடு எங்க வேணா ஓடட்டும்யா! ரெண்டும் வெட்டிக்கிற இடம் எந்தக் கட்டத்துல இருக்கோ, ஓட்டு அதுக்குத்தான். விதின்னா விதி!"

சேவலுக்கு ஒன்று ஏறியது. யெசேனியா வியந்து நோக்கினாள். அந்தப் புகழ் மணக்க மணக்க, அடுத்த சீட்டை அவரே விரித்தார்.

மூலைக்கு மூலை ஓடிய இரண்டு பெருங்கோடுகள். அவற்றைத் தொடர்ந்து நடுவே சென்ற அவர் கண்கள் அங்கேயே நின்றுவிட்டன. இரண்டும் வெட்டிக்கொண்ட இடம், சீட்டின் நட்டநடுக் கட்டத்தில், குடையின் காம்பின்மேல் இருந்தது.

"இது... இது கோவத்துல போட்டது மகளே. பாத்தாலே தெரியலையா?"

"கோவத்துக்குக் கட்டம் இல்லையே ஐயா."

கரண்டி முகவர் எட்டிப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "என்ன தலைவரே, விதின்னா விதிதானே?"

தம்முடையது என்று சொல்ல வழியில்லை, வாக்கு இரகசியம். எரிமலை சாட்சியாகச் சினந்து, சூளுரைத்து, பசியும் பொறுத்த பெருவீரர், அத்தனை பேர் முன்னிலையில் அச்சீட்டை உயர்த்திப் பிடித்து அறிவித்தார்.

"குடைக்கு... ஒண்ணு."

அந்தச் சாவடியில் குடைக்கு விழுந்தது அந்த ஒரு ஓட்டுதான்.