சத்தம் போட்டால் மாற்று

அரியலூர் தனி மாவட்டமான நாள் முதல் அங்கே எத்தனையோ பேர் எத்தனையோ முடிவுகளை எடுத்திருக்கிறார்கள். அவற்றுள் நிதானத்திலும் நீதியிலும் தலையாயது, ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் அறிவரசன் தம் வெள்ளைக் காரின் என்ஜின் குறித்து எடுத்த முடிவுதான். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அவரிடம் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். பதில் வராது என்றாலும் கோப்பில் சேரும்.

கார் ரொம்பப் பழையது. ஒரு மாதமாக அதன் வயிற்றுக்குள் 'டக் டக்' என்று ஒரு சத்தம். வேறு யாராவது என்றால் பாட்டைக் கொஞ்சம் உரக்க வைத்துக்கொண்டு ஓட்டியிருப்பார்கள். அறிவரசனுக்கு மனசு கேட்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

"அது நம்மகிட்ட என்னமோ சொல்லுது மணி" என்று மனைவி மணிமொழியிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. மணிமொழி அப்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"சொல்லட்டுங்க" என்றாள்.

மணிமொழியின் வலது முழங்கால் சம்பந்தமாகவும் ஒரு விவகாரம் நிலுவையில் இருந்தது. மூட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று திருச்சி டாக்டர் சித்திரையிலேயே சொல்லிவிட்டார். அறிவரசன் அவசரப்படுகிற ஆள் இல்லை. ஆடி போகட்டும் என்றார். ஆடி போயிற்று. தீபாவளி போகட்டும் என்றார். அதுவும் ஒழுங்காகப் போயிற்று. இடைக்கால நிவாரணமாக, வாட்ஸ்அப்பில் வந்த ஆலோசனையின் பேரில், முடக்கத்தான் தோசைக்கு உத்தரவு பிறப்பித்தார். மணிமொழிதான் அடுப்படியில் நின்று சுட்டாள். அவருக்கு மூட்டுவலி கிடையாது. இருந்தாலும் மனைவிக்குத் துணையாக நாலு தோசை சாப்பிட்டார்.

"ஆண்டவன் கொடுத்த ஒரிஜினல் பார்ட்டு. அதைப் போயி கழட்டுவாங்களா?" என்பது அவர் கொள்கை. கார் விஷயத்தில் ஆண்டவன் சம்பந்தப்படாததால், கொள்கையைத் தளர்த்த இடமிருந்தது.

கார்த்திகையில் பெரம்பலூர் துறையூர் ரோட்டில், அப்துல் சலாமின் பட்டறையில் 'உயர்மட்டக் கூட்டம்' கூடியது. சலாம் லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பல வருடம் என்ஜின் பிரித்துவிட்டு ஊர் திரும்பியவர். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டராக இருக்கும் மணிமொழியின் தம்பி வீரமணி 'தொழில்நுட்ப ஆலோசகர்'. தலைவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தாருக்கு மதியச் சாப்பாடாகப் புளிசாதம் கட்டிக்கொண்டு மணிமொழியும் வந்திருந்தாள்.

பிரித்த என்ஜின், கோணிச் சாக்கின் மேல் வரிசையாகக் கிடந்தது. சலாம் கிராங்க் தண்டைத் துடைத்துக் காட்டினார்.

"இதை லேத்துல கொடுத்து லேசா தேய்ச்சு, அதுக்குத் தக்கன பேரிங் போட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும் சார், இன்ஷா அல்லா."

"சத்தம் போட்டது எது?"

"பேரிங்குதான் சார்."

"அதுக்குப் பக்கத்துல இருந்தது?"

"கிராங்க்."

"அப்ப அதுவும் உடந்தை. மாத்திருங்க."

வீரமணி பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல ஒரு கீறல்கூட இல்ல மாமா. திரும்பப் போடலாம்."

"இவ்வளவு வருஷம் ஓடியும் கீறல் இல்லன்னா, அது ஒழுங்கா வேலை பார்த்துருக்குமாடா? மாத்து."

"வால்வையாவது தேய்ச்சு..." என்று சலாம் இழுத்தார்.

அறிவரசன் கையை உயர்த்தினார். "சலாம், தேஞ்சு போனதை வச்சுக்கிட்டு மேல மேல வேலை வாங்குறது பாவம். உசுரில்லாத சாமானா இருந்தாலும் நமக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல?"

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது நிஜம். இப்படி ஒரு ஈரமுள்ள நெஞ்சை இரண்டு மாவட்டங்களிலும் தேடினாலும் கிடைக்காது. மணிமொழி காலைச் சாய்த்துச் சாய்த்து வந்து, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் புளிசாதம் வைத்தாள்.

'சத்தம் போட்டால் மாற்று' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூடவே, கழற்றிய பழைய சாமான் முழுவதையும் சொந்தக்காரர் கையில் ஒப்படைக்க வேண்டும் என்றும் முடிவானது. இது அந்தப் பக்கத்தில் எல்லோரும் கேட்பதுதான். பழசு கைக்கு வந்தால்தான், அதையே துடைத்து மாட்டிவிடவில்லை என்று மனசு ஆறும்.

வண்டி தயாரானதும் அப்படியே திருச்சி போகலாம் என்று அறிவரசன் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் கார் எடுக்கப் போன அன்று மணிமொழி எக்ஸ்ரே கவரோடு வந்தாள்.

சாவியைத் திருப்பியதும் என்ஜின் பூனை மாதிரி ஓடியது. அறிவரசன் பூரித்துப்போய் இறங்கினார். "அடுத்த வாரம் குலதெய்வம் கோயிலுக்கு ஒரு டிரையல். திருச்சியைப் பொங்கல் போகட்டும், பார்த்துக்கலாம். புது என்ஜினை உடனே தூரம் விரட்டக் கூடாது. மணி, அந்தப் பழைய சாமான் மூட்டையை வாங்கிக்க."

'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அறிவரசன் முகம் வெளுத்துவிட்டது. "எல்லாம் புதுசு போட்டும் சத்தம் வருதே?"

சலாம் ஸ்குரூ டிரைவரின் முனையை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. என்ஜினை நிறுத்தினார்கள். மறுபடியும் 'கடக்'. வீரமணி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான்.

"யாரும் அசையாதீங்க" என்றார் அறிவரசன். பட்டறையே அடங்கியது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாதி தூரம் வந்திருந்த மணிமொழியும் நின்றாள். சத்தமும் நின்றது. கனம் தாங்காமல் அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

'கடக்.'

சலாம் ஸ்குரூ டிரைவரைக் காதிலிருந்து இறக்கினார். வீரமணி அடியில் படுத்தபடியே சொன்னான். "மாமா, அது அக்கா."

"அது சத்தம் இல்லடா, வயசு" என்றார் அறிவரசன்.

மணிமொழி மூட்டையைக் கீழே வைத்தாள். "உங்க வூட்டுல எனக்கும் காருக்கும் ஒரே வயசுதாங்க. எங்கப்பா சீரா கொடுத்த வண்டி. ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் வாசல்ல வந்து இறங்கினோம். அது வாயத் தொறந்து சத்தம் போட்டுச்சு. நான் போடல. என் தப்புத்தான்."

வீரமணிக்கு வெளியே வர வெட்கமாக இருந்தது. அக்காவின் புளிசாதத்தை அவனும்தான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தான்.

அறிவரசன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். தாம் போட்ட தீர்மானத்தைத் தாமே மீறிப் பழக்கமில்லை. மூட்டையைத் தாமே தூக்கி டிக்கியில் வைத்தார். வண்டி குலதெய்வத்தை மறந்து நேராகத் திருச்சிக்குப் போனது.

டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்த வாரமே வைத்துக்கொள்ளலாம் என்றார். அறிவரசன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒரே ஒரு நிபந்தனை டாக்டர். கழட்டுற பழசை எங்க கையில கொடுத்துடணும். எங்க பக்கம் அதுதான் வழக்கம்."

டாக்டர் மணிமொழியைப் பார்த்தார்.

"கொடுத்துடுங்க டாக்டர்" என்றாள் மணிமொழி. "எதுல தேஞ்சுதுன்னு அவரே பார்க்கட்டும்."