சீர்க்கட்டில் மாடியேறிய கதை

கட்டில் நான்காவது படியில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

மேல்படியில் நின்று இழுத்துக்கொண்டிருந்த முத்திருளன் பழக்க தோஷத்தில், "உள்ள போ, உள்ள போ! எம்புட்டு இடம் கிடக்கு!" என்று கத்தினான். அவன் டவுன் பஸ் கண்டக்டர். ஐம்பது பேர் போகிற வண்டியில் நூறு பேரை ஏற்றிப் பழகியவன். ஆனால் பயணிகளுக்கு வயிற்றை எக்கிக்கொள்ளத் தெரியும். தேக்குக் கட்டிலுக்குத் தெரியாது.

கீழே செல்லூர்ச் சந்து முழுக்க ஆட்கள். கட்டிலைச் சுமந்து வந்த டிராக்டர் சந்தை அடைத்துக்கொண்டு நின்றதால் சைக்கிளில் வந்தவர்கள்கூட இறங்கி நின்று பார்த்தார்கள். எதிரிலிருந்த தறிக் கொட்டகையில் தறிச் சத்தம் நின்றுபோனது. கரண்டு போனால்தான் அங்கே சத்தம் நிற்கும். இன்றைக்குக் கரண்டு இருந்தது.

"ஏறாது மாப்ள," என்றார் மாமனார் உக்கிரபாண்டி. உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி விவசாயி. தோளில் துண்டும் முகத்தில் சிரிப்புமாக நின்றார். "விட்டுருங்க. நான் திரும்பக் கொண்டு போயிடுறேன். பெறகு, வீட்டுக்குத் தக்கன சின்னதா ஒண்ணு செஞ்சு கொண்டாரேன்."

'வீட்டுக்குத் தக்கன' என்ற சொல் முத்திருளனுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தச் சிரிப்பு அதைவிடச் சுட்டது.

"அதெல்லாம் ஏறும் மாமா. நம்ம வீட்டுல ஏறாம வேற எங்க ஏறப்போகுது?"

நம்ம வீடு. வம்பே அங்கேதான் இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் கல்யாணப் பேச்சில், "மாப்ளைக்கு வீடு?" என்று பெண் வீட்டார் கேட்டபோது, முத்திருளன் வாய்க்குக் காவல் இல்லாமல், "செல்லூர்ல மாடி வீடு. சொந்தம்" என்று சொல்லிவிட்டான். மாடி என்பது உண்மை. மற்றது இல்லை. மாடியில் ஓர் அறையும் அடுப்படியும் அவனுக்கு வாடகைக்கு விட்டிருந்த சின்னச்சாமி கீழ்வீட்டிலேயே குடியிருந்தார். சொந்த வீடு என்று கேட்டதும் உக்கிரபாண்டியும் சபையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்பச் சரி. எம் மகளைத் தரையில படுக்க விடமாட்டேன். ஆறரைக்கு அஞ்சு, தேக்குல கட்டில் போடுறேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

காலையில் சந்து முனையில் டிராக்டரைப் பார்த்ததுமே முத்திருளன் கீழ்வீட்டுக்கு ஓடினான்.

"அண்ணே, கால்ல விழுறேன். எங்க மாமனார் போற வரைக்கும் நீங்க இங்க வாடகைக்கு இருக்கிற மாதிரி இருங்கண்ணே. எனக்கு மானம் போயிரும்."

சின்னச்சாமி இளவட்டத்தில் திருவிழா நாடகங்களில் வேஷம் கட்டியவர். கண்கள் மின்ன எழுந்து, சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு கிழிசல் பனியனை மாட்டிக்கொண்டார். "நீ போ தம்பி. நான் பாத்துக்கிறேன்," என்றார். அவர் மனைவி செல்லத்தாய் விளாங்குடியில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தது முத்திருளன் செய்த புண்ணியம்.

ஆனால் சின்னச்சாமி வேஷம் கட்டினால் அரைகுறையாக விடமாட்டார்.

"ஓனர் நல்ல மனுசந்தாங்க," என்று உக்கிரபாண்டியின் அண்ணன் காளையிடம் அவர் ஆரம்பித்துவிட்டார். "என்ன, மோட்டாரைச் சரி பண்ணிக் குடுங்கன்னு மூணு மாசமாக் கேக்குறேன், காதுல போட்டுக்கிறதே இல்ல. கக்கூசுக்குத் தாழ்ப்பா கிடையாதுங்க. பாட்டுப் பாடிக்கிட்டே உள்ள உக்கார வேண்டியிருக்கு."

போன மாதம் முத்திருளன் அவரிடம் சொன்ன அதே வார்த்தைகள். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

காளைக்குத் தேனிப் பக்கம் தோட்டம். சீர் வைப்பதற்கென்றே நேற்று வந்து இறங்கியிருந்தார். நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர். "ஏன் மாப்ள, குடியிருக்கிற மனுசரை இப்பிடியா நடத்துறது? ஒரு தாழ்ப்பாளுக்கா பஞ்சம்?" என்று ஊர் கேட்க அதட்டினார்.

"போட்டுர்றேன் பெரிய மாமா," என்றான் முத்திருளன். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களுக்கு வீடு யாருடையது என்று தெரியும். சந்துக்கே தெரியும். அவன் காது மடல் எரிந்தது.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி ரெங்கம்மாள் மெதுவாகச் சொன்னாள். "எங்கப்பாகிட்ட உண்மையைச் சொல்லிருங்க. வாடகை வீடுன்னா கழுத்தையா சீவப் போறாரு?"

"இம்புட்டுப் பேரு முன்னாடியா?"

"பெறகு இன்னும் கூடத்தான் செய்யும்," என்றாள் அவள். அவன் கேட்கவில்லை.

"ஒண்ணு சொல்லிப்புடுறேன்," என்று காளை துண்டை உதறினார். "சபையில பேசுன சீரு. கட்டிலை வீட்டுக்குள்ள போட்டுப் பாக்காம நான் கை நனைக்க மாட்டேன்."

மேலே ரெங்கம்மாள் ஆக்கி வைத்த கறிக்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

"கழட்டி ஏத்துனா என்ன?" என்று கேட்டார் ஒரு தறிக்காரர்.

கழற்ற வழியில்லை. ஓர் ஆணி, ஒரு திருகு இல்லாமல், காலத்துக்கும் அசையாதபடி இறுக்கிய ஆசாரி வேலை. தலைமாட்டில் இரண்டு மயில்கள், நடுவில் ஒரு கண்ணாடி.

"அப்பக் காலை மட்டும் அறுத்துட்டு..."

"அறுக்கவா!" உக்கிரபாண்டி அலறிய அலறலில் தறிக்காரர் இரண்டு படி இறங்கினார். "அதுல ஒரு கீறல் விழப்படாது. ஆமா, சொல்லிட்டேன்!"

மகள் சீர் மேல் மனுஷனுக்கு எவ்வளவு பாசம் என்று முத்திருளன் நெகிழ்ந்துபோனான். இவ்வளவு பாசமுள்ளவரிடமா பொய் சொன்னோம் என்று கூசியது. கூச்சம் கூடக்கூட வீம்பும் கூடியது.

கட்டிலைத் தெருவுக்கு இறக்கி, மொட்டைமாடியிலிருந்து கயிறு கட்டித் தூக்கினார்கள். ஆளுயரம் எழும்பியதும் கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, சின்னச்சாமி வீட்டு முன்சார்ப்பில் இடித்தது. ஏழெட்டு ஓடுகள் பொலபொலவென்று விழுந்தன. சின்னச்சாமியின் முகம் ஒரு கணம் வீட்டுக்காரர் முகமாக மாறி, மறுபடி வாடகைக்காரர் முகமாகத் திரும்பியது.

"பரவால்லங்க," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஓனர் நாளைக்கே புதுசு போட்டுக் குடுத்துருவாரு."

"கொண்டு போயிடுறேன் மாப்ள," என்று உக்கிரபாண்டி மறுபடி ஆரம்பித்தார். "மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டோம். டேய் சுருளி, வண்டியைத் திருப்புறா!"

டிராக்டர் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த டிரைவர் சுருளி உடனே இறங்கி வந்து கட்டிலின் காலைப் பிடித்தான். முத்திருளன் அவன் கையைத் தட்டிவிட்டான்.

"வந்த சீரு திரும்பிப் போனா, மாப்ள வீட்டுல இடமில்லைன்னு உசிலம்பட்டி வரைக்கும் சிரிக்க மாட்டாங்களா?"

"அதுதான் ஆம்பளைப் பேச்சு!" என்றார் காளை. படிக்கட்டை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறு பக்கம் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். "இந்தக் கைப்பிடிச் சுவரை எடுத்துட்டா கட்டில் தன்னால போயிரும். நம்ம வீடுதானே மாப்ள, யாரைக் கேக்கணும்?"

முத்திருளன் சின்னச்சாமியைப் பார்த்தான். சின்னச்சாமி முத்திருளனைப் பார்த்தார். உரலுக்குள் தலையைக் கொடுத்தாயிற்று.

"இடிங்க பெரிய மாமா," என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"ஐயையோ, வேணாம்! வீட்டை இடிக்கிறதாவது!" என்று உக்கிரபாண்டி குறுக்கே விழுந்தார்.

"நீ சும்மா இரு தம்பி," என்று காளை அவரை ஒதுக்கிவிட்டு, எங்கிருந்தோ வந்த கடப்பாரையைச் சின்னச்சாமியின் கையில் கொடுத்தார். "என்னய்யா பாத்துக்கிட்டே நிக்கிறீரு? குடியிருக்கிற வீடு, நீரும் ஒரு கை குடும்."

தன் வீட்டுச் சுவரைத் தானே இடித்த மனிதர் மதுரையில் சின்னச்சாமி ஒருவராகத்தான் இருக்கும். ஒவ்வொரு இடிக்கும் ஒருமுறை முத்திருளனைத் திரும்பிப் பார்த்தார். முத்திருளன் ஒவ்வொரு முறையும் வேறெங்கோ பார்த்தான்.

சுவர் போனதும் கட்டில் ஒருக்களித்து மேலே ஏறியது. கதவைக் கழற்றி, நிலையை உரசி, இரண்டு சட்டம் பெயர்த்து, அறைக்குள் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அறை முடிந்துவிட்டது. பீரோவைத் திறக்கக் கட்டில் மேல் ஏற வேண்டும். அடுப்படிக்குப் போகவும் கட்டில் மேல் ஏற வேண்டும். காளை கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "இப்பப் போடும்மா சோறு!" என்றார்.

உக்கிரபாண்டி வாயடைத்துப்போய் வாசலில் நின்றார். மாப்பிள்ளையின் வைராக்கியத்தைப் பார்த்து அசந்துவிட்டார் என்று முத்திருளன் நினைத்தான். அந்த ஒரு நிமிஷம்தான் அவனுக்கு அன்றைக்குக் கிடைத்த சந்தோஷம்.

"எவன்டா என் வீட்டை இடிச்சவன்?"

சடங்கு வீட்டு மஞ்சள் பையோடு செல்லத்தாய் வந்து நின்றாள். சின்னச்சாமி அவசரமாக ஜாடை காட்டினார். "ஏத்தா, சத்தம் போடாத. ஓனரு இடிச்சாரு, நமக்கென்ன..."

"ஓனரா? வெயில்ல நின்னு மூளை கலங்கிப்போச்சா? எங்கப்பன் எனக்குக் கட்டிக் குடுத்த வீட்டுக்கு எவன்யா ஓனரு? மாடியில வாடகைக்கு இருக்கிற கண்டக்டரா?"

சந்து முழுக்க மாடியை அண்ணாந்து பார்த்தது.

டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டவர்களைக் கூட்டத்துக்கு நடுவே இறக்கிவிட்டுப் பழகியவன் முத்திருளன். அந்த நேரத்தில் அவர்கள் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்கள், தங்கள் செருப்பைத்தான் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவனும் குனிந்தான். செருப்புகூட இல்லை.

"மாமா," என்று உக்கிரபாண்டியின் முன்னால் வந்து நின்றான். கண் கலங்கிவிட்டது. "வாடகை வீடுதான். பொண்ணு குடுக்க மாட்டீகன்னு பயந்து பொய் சொன்னேன். உங்க முகத்துல முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல. இந்தக் கட்டில்ல படுக்கவும் இல்ல. எடுத்துட்டுப் போயிருங்க மாமா."

காளை, "அடப் பாவி மாப்ள!" என்று கட்டிலிலிருந்து குதித்தார். ஆனால் உக்கிரபாண்டி ஒரு கோபச் சொல் சொல்லவில்லை. அவர் முகம் மலர்ந்தேவிட்டது.

"அதுனால என்ன மாப்ள? மனுசன்னா ஒரு பொய் சொல்றதுதான். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல," என்றவர், அடுத்த மூச்சில், "ஆளுக்கொரு பக்கம் பிடிங்கப்பா! இறக்குங்க, இறக்குங்க!" என்றார்.

இப்படியும் ஒரு மனிதரா என்று முத்திருளனுக்கு அழுகை முட்டியது. இவருக்கு முன்னால் தான் எவ்வளவு சிறியவன் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எங்க இறக்குறது?" செல்லத்தாய் மாடிப்படியின் நடுவில் கால் அகட்டி உட்கார்ந்துவிட்டாள். "கைப்பிடிச் சுவரைக் கட்டி, ஓட்டை மாத்தி, சுண்ணாம்பு அடிச்சு முடிக்கிற வரைக்கும் கட்டில் அங்கனயே கிடக்கும். தொட்ட கையை முறிச்சுப்புடுவேன்."

"சுவரைக் கட்டிட்டா பெறகு கட்டில் எப்பிடித்தா இறங்கும்?" என்று சின்னச்சாமி கேட்டார்.

"அது கட்டில் குடுத்தவுக பாடு," என்றாள் செல்லத்தாய்.

உக்கிரபாண்டி அப்படியே மேல்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். துண்டு தோளிலிருந்து நழுவி விழுந்ததைக்கூட எடுக்கவில்லை. முத்திருளன் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னாலதானே மாமா உங்களுக்கு இம்புட்டு அவமானம்? என்னைய ரெண்டு அடிகூட அடிச்சுருங்க."

உக்கிரபாண்டி அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்க முடியாதவர்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது இதுவரை கீழே நின்ற டிரைவர் சுருளி, கையிலிருந்த வேர்க்கடலைத் தோலை உதறிவிட்டு இடிந்த சுவரோரமாக ஏறி வந்து கேட்டான்:

"என்னண்ணே உக்காந்துட்டீக? 'மாப்ள வீட்டுப் படியை அளந்துட்டேன்டா, சத்தியமா ஏறாது, சாயங்காலமே திரும்பிரும்'னு சொல்லித்தானே எங்க மொதலாளிக்குத் தெரியாம இரவல் வாங்குனீக? நாளைக்கு அவரு திருச்செந்தூர்ல இருந்து வந்தா எதுலண்ணே படுப்பாரு?"