எழுபத்தொன்பது கிலோ பல்வலி

வாழ்க்கையில் ஒரு காரியத்தையாவது மனைவிக்குத் தெரியாமல் செய்துவிடுவது என்று போட்டோக்காரர் முடிவுக்கு வந்தார்.

ஊருக்கு வெளியே, பழைய நீரேற்று நிலையத்துக்குள், அவர் வளர்ந்த காவலாளி வீடு இருந்தது. அடுத்த வாரம் இடிக்கப்போகிறார்களாம். ஊரில் பாதிப் பேரைப் படம் எடுத்தவரிடம் அந்த வீட்டின் படம் ஒன்றுகூட இல்லை. அண்ணன் காலமான பிறகு, அந்த வாசற்படி ஞாபகமிருக்கிறதா என்று கேட்க உலகத்தில் ஆளும் இல்லை. மூன்று முறை கேட் வரை போனார். இப்போதைய காவலாளியின் மீசையைப் பார்த்துவிட்டு மூன்று முறையும் திரும்பி வந்தார். கடைசியில் ஒரு குட்டி விமானத்தில் அரை மணி நேரத்துக்கு இடம் பிடித்தார். மீசைக்குப் பயந்தவர் ஆகாயத்துக்குப் பயப்படவில்லை.

மனைவி சிரிப்பாளே என்றுதான் சொல்லவில்லை. பல் டாக்டரிடம் போவதாகப் புளுகிவிட்டு, கன்னத்தில் பஞ்சை அடைத்துக்கொண்டு கிளம்பினார்.

விமானி அவரை ஏற இறங்கப் பார்த்து, எழுபத்தொன்பது கிலோதானே என்று கேட்டார். அறுபத்தெட்டு என்றல்லவா எழுதிக் கொடுத்தோம் என்று இவர் யோசிப்பதற்குள் விமானம் எழும்பிவிட்டது.

மேலிருந்து பார்த்தால் எல்லாக் கூரையும் ஒரே மாதிரி இருந்தது. வாசற்படியையும் ஜன்னல் கம்பியையும் வைத்துத்தான் அவருக்கு வீட்டைத் தெரியும். பிறந்து வளர்ந்த வீட்டையே அடையாளம் தெரியாமல், அத்தனை உயரத்தில் அவர் அநாதையாக உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாக ஆளை உட்காரவைக்காமல் பட்டனை அமுக்கியறியாதவரின் கண், பழக்க தோஷத்தில் ஆளைத் தேடியது. ஒரு கூரைக்கு முன்னால் பச்சையாக ஒரு புள்ளி நின்றது. அதையே எடுத்துத் தள்ளினார்.

ஸ்டூடியோவில் படத்தைப் பெரிதாக்கினார். மூன்று படிகள், நடுப்படியில் உடைந்த மூலை. அதே வீடுதான். படியில் ஒரு பச்சைக் குடை, குடையில் கறுப்பு ஒட்டு. அந்த ஒட்டைப் போட்டவரே அவர்தான். குடைக்கு வெளியே தலையை நீட்டி மனைவி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு ஓடினார். அவள் செருப்பில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"விமான ஆபீஸ்லேர்ந்து உங்க எடையைச் சரிபார்க்க போன் பண்ணாங்க. உண்மையைச் சொன்னேன். எங்க போறார்னு கேட்டேன், அவங்களும் உண்மையைச் சொல்லிட்டாங்க."

"நீ சிரிப்பியோன்னு..."

"மார்க்கெட்ல பக்கத்துல நிக்கிற என்னையே தேடுற ஆளு, மேலேர்ந்து வீட்டைக் கண்டுபிடிப்பீங்களா? அதான் குடையோட போய் நின்னேன். அந்த நடுப்படியை உடைச்சது நீங்களா, உங்க அண்ணனா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்க ஓர் ஆள் இத்தனை வருடமாக இதே வீட்டில்தான் இருந்திருக்கிறாள்.

"அண்ணன்தான்," என்றார். பிறகுதான் உறைத்தது. "அந்த மீசைக்காரர் உன்னை எப்படி உள்ளே விட்டார்?"

"உள்ள போகணும்னு சொன்னேன், திறந்துவிட்டார். மூணு தடவை ஒருத்தர் வந்து என் மீசையையே பார்த்துட்டுப் போனாரே, அவர் உங்க வீட்டுக்காரரான்னு கேட்டார். ஆளைத் தெரியாதுன்னுட்டேன். முதல்ல அந்தப் பஞ்சைத் துப்புங்க."