மோட்டார் ரூம் ருசி

சடையாண்டி தன் மனைவியிடம் பொய் சொன்னது ஒரே ஒரு விஷயத்தில்தான். ஆனால் அந்த ஒன்றைப் பதினோரு வருஷமாக வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மோட்டாரு சரியாத் தண்ணி எடுக்கல, புவனா. செத்த நேரம் பாத்துட்டு வாரேன்."

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய தென்னந்தோப்பில் மோட்டாருக்கு ஏதாவது வந்துவிடும். ஒரு வாரம் மோட்டாரின் கம்பிச் சுருளில் சூடு. ஒரு வாரம் கிணற்றுக்குள் இருக்கும் ஃபுட்வால்வில் பாசி. ஒரு வாரம் ஸ்டார்ட்டருக்குள் பல்லி. மற்ற ஆறு நாளும் அதே மோட்டார் ஒரு குறையும் சொல்லாமல் தண்ணீரைக் கொட்டும்.

உண்மையில் அங்கே சடையாண்டிக்காகக் காத்திருந்தது அவருடைய நண்பர் பிராங்கிளின். பட்டாளத்தில் இருந்து ரிட்டயரானவர். கேண்டீனில் தனக்குக் கிடைக்கும் விஸ்கியில் மாசம் ஒரு பாட்டிலை நட்புக்காக ஒதுக்கி வைத்திருந்தார். அந்த பாட்டில் மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் குடியிருந்தது.

தண்ணீர் விழும் சிமென்ட் தொட்டியின் விளிம்பில் இருவரும் உட்காருவார்கள். கால் முழங்கால் வரை தண்ணீருக்குள். கையில் பிளாஸ்டிக் டம்ளர். நடுவில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாங்காய்க் கீற்று. மேற்கே கொடைக்கானல் மலை மெள்ள நீலம் கட்டும். முதல் வாய் உள்ளே போனதும் சடையாண்டி கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் அவருக்கு மகள் கல்யாணக் கடன், தேங்காய் விலை, தென்னை வாடல் நோய் என்று எதுவும் கிடையாது.

"மாப்ள," என்பார் பிராங்கிளின், "இதே சரக்க நான் லடாக்குல குடிச்சிருக்கேன். பனியில. மண்ணெண்ணெய் மாதிரி இருந்துச்சு. இங்க குடிச்சா தேவாமிர்தம். சரக்குல பாதி ருசி பாட்டில்ல இருக்கு. மிச்சப் பாதி ஒக்கார்ற எடத்துல இருக்கு."

அந்தத் தத்துவத்தை சடையாண்டி ரசித்தார். அது பின்னால் தன்னையே கவிழ்க்கும் என்று அவருக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போகும்போது இரண்டு கொய்யா இலையை மென்று துப்புவார். மாமனாருக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் இத்தனை பாடும். பெண் பார்க்க வந்த அன்றே அந்த மனுஷன் கேட்டுவிட்டார்: "மாப்ள தண்ணி கிண்ணி போடுவாரா?" சடையாண்டி நெஞ்சில் கை வைத்து, "கொழாத் தண்ணியே சுட வச்சுத்தான் குடிப்பேன்" என்றார். அப்போது அது நிஜம்.

போன சித்திரையில் திண்டுக்கல்லில் ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனை காகிதத்தைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"சுகர் எகிறிக் கெடக்கே. குடிப்பழக்கம் ஏதும் உண்டா?"

"வெத்தலகூடப் போட மாட்டேங்க" என்றார் சடையாண்டி.

பக்கத்து நாற்காலியில் இருந்த புவனேஸ்வரி தலைக்கு மேலே சுற்றிய ஃபேனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் சடையாண்டி சந்தைக்குப் போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்தார். ஹாலில், டீப்பாய் மேல், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்க வேண்டியது நின்றுகொண்டிருந்தது.

"மம்பட்டி எடுக்கப் போனேன்" என்றாள் புவனேஸ்வரி. "மோட்டாரு தண்ணி எடுக்கல, மோட்டாரு தண்ணி எடுக்கலன்னு பதினோரு வருசமாச் சொல்லிக்கிட்டிருந்தீங்க. எடுத்தது யாருன்னு இப்பத்தான் தெரியுது."

"அது வந்து... பிராங்கிளினோட மருந்து..."

"மருந்துதான். யாரு இல்லன்னா? ஆனா அத ஏங்க பாம்பும் பல்லியும் கெடக்குற எடத்துல போயி ஒளிஞ்சு குடிக்கணும்? நீங்க என்ன களவாணியா? இனி சனிக்கிழம வீட்லயே கவுரவமா ஒக்காந்து குடிங்க. நானே ஊத்தித் தாரேன்."

சடையாண்டி தன் காதையே நம்பவில்லை. சண்டை வரும், சாப்பாடு நிற்கும், மகளுக்குப் போன் பறக்கும் என்று பயந்திருந்தவருக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. கொல்லைப்பக்கம் போய் பிராங்கிளினுக்கு போன் போட்டார்.

"ஏலே, செயிச்சுட்டேன்! வீட்லயே குடிக்கச் சொல்லிட்டா!"

எல்லையில் காவல் நின்ற மனிதருக்குக் கண்ணிவெடியின் வாசனை தெரியும்.

"மாப்ள," என்றார் பிராங்கிளின், "இதுல ஏதோ கோளாறு இருக்கு."

சனிக்கிழமை வந்தது. ஹாலில் புவனேஸ்வரி புது டியூப்லைட் மாட்டியிருந்தாள். எறும்பு ஊர்ந்தால் அதன் கால் தெரியும், அவ்வளவு வெளிச்சம். சடையாண்டியின் நாற்காலி சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. சுவரில் மாலை போட்ட மாமனார் படம். கையில் கொடுத்தது சீராக வந்த எவர்சில்வர் டம்ளர். அதன் விளிம்பில் அதே மாமனாரின் பெயர் வெட்டியிருந்தது.

"தொட்டுக்க என்ன இருக்கு?"

"பாகக்கா வறுவல். சுகருக்கு நல்லது."

முதல் வாய் குடித்தார். எதிரே அவரைக்காய் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்த புவனேஸ்வரி நிமிர்ந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"பெறகு ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்ல."

"மக வீட்டுல குக்கரு விசில் போயிருச்சாம். நாத்தனாரு பேசுற பேச்சு தாங்கலயாம். மேல்மடையில தண்ணி நின்னுபோச்சு. ரேசன் கார்டுல எம்பேரு தப்பா வந்துருக்கு. எப்படி இருக்கு?"

"என்னது?"

"ரெண்டாவது வாயி."

அடுத்த வீட்டு முத்துப்பேச்சி கறிவேப்பிலை கேட்டு உள்ளே வந்தவள், டியூப்லைட் வெளிச்சத்தில் டம்ளரோடு இருந்தவரைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"என்னண்ணே, ஒடம்புக்குச் சொகமில்லையா? கசாயமா?"

"ஆமா" என்றார் சடையாண்டி. பொய் சொல்லியதாகவே அவருக்குத் தோன்றவில்லை. நாக்கில் சுக்கும் திப்பிலியும் இடித்துப் போட்ட மாதிரிதான் இருந்தது. அதே பாட்டில். அதே சரக்கு.

அடுத்த வாரம் துணைக்கு பிராங்கிளினைக் கூப்பிட்டார். புவனேஸ்வரி வாசலுக்கே வந்து வரவேற்றாள்.

"வாங்கண்ணே. மதினிக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன். குடிச்சு முடிச்சதும் நானே கொண்டாந்து விடுறேன்னு. லைன்லதான் இருக்காக, பேசுறீகளா?"

பிராங்கிளின் நின்றபடியே அரை டம்ளர் குடித்தார். லடாக்கில் குடித்ததைவிட மோசம் என்று அவர் முகம் சொன்னது. "பைக்க வெயில்ல விட்டுட்டு வந்துட்டேன்" என்று கிளம்பினார். அப்போது வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

மூன்றாம் வாரம் மகள் வீடியோ காலில் வந்தாள். பேத்தி திரையில் மூக்கை ஒட்டவைத்து, "தாத்தா என்ன குடிக்கிறாங்க?" என்று கேட்டாள். நான்காம் வாரம் சடையாண்டி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"ஏங்க, மிச்சம் வச்சிட்டீங்க?"

"வேணாம் புவனா. என்னமோ பிடிக்கல."

"சரி, ஒங்க இஷ்டம்" என்று அவள் அவரைக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆடி போய் ஆவணி வந்தது. சர்க்கரை இறங்கியது. டாக்டர் கைகுலுக்கினார். சடையாண்டிக்கு மட்டும் ஒன்றும் நன்றாக இல்லை. விஸ்கி போனதுகூடப் பெரிதில்லை. சனிக்கிழமையே போய்விட்டது. வாரத்தில் ஏழு நாளும் வெள்ளிக்கிழமை மாதிரியே இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் நின்று மேற்கே பார்ப்பார். நடுவில் செல்போன் கோபுரமும் கல்யாண மண்டபத்து மாடியும்தான் தெரியும். மலை தெரியாது.

ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியவில்லை. புவனேஸ்வரி வீட்டில் இல்லை; கோயிலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தார். மிச்சம் இருந்ததைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, சைக்கிளை மிதித்தார். நெஞ்சு பழையபடி படபடத்தது. அந்தப் படபடப்பே பாதி ருசி என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

தோப்புக்குள் நுழைந்ததும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. தொட்டியின் விளிம்பில், அவர் உட்காரும் அதே இடத்தில், புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு புவனேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். கால் தண்ணீருக்குள் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பிளாஸ்க். கையில் காப்பி. கண் மூடியிருந்தது.

சடையாண்டி செருமினார்.

"வாங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல். "கையில என்ன?"

"குடிக்கத் தண்ணி."

"இம்புட்டுத் தண்ணி கொட்டுது, வீட்லருந்து வேற கொண்டாந்தீங்களாக்கும். அந்தத் தென்ன வாடிக் கெடக்கு, அதுக்கு ஊத்துங்க."

ஊற்றினார். வேறு என்ன செய்வது?

"நீ எப்போ இருந்து இங்க வார?"

"ஒரு மாசமா. எம்புருசன் பதினோரு வருசமா ஒரு எடத்துக்கு ஓடுறாரே, அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கலாம்னு வந்தேன். வீட்டுல குடிக்கிற அதே காப்பிதாங்க. இங்க என்னமா இருக்கு!" அவள் மலையைப் பார்த்தாள். "ஒங்க சரக்குல நான் ஒண்ணுமே கலக்கல. எடத்தத்தான் மாத்தினேன்."

அவள் கோபமாகப் பேசவில்லை. அதுதான் சடையாண்டிக்குக் கஷ்டமாக இருந்தது.

"இந்தத் தோப்புக்கு நான் களையெடுக்க வந்திருக்கேன். தேங்கா பொறுக்க வந்திருக்கேன். ஒங்களுக்குச் சோறு கொண்டாந்திருக்கேன். முப்பது வருசத்துல ஒக்கார்றதுக்குன்னு ஒரு நாளும் வந்ததில்ல. மல இம்புட்டு அழகா இருக்குன்னு பிராங்கிளின் அண்ணனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

சடையாண்டி மனசுக்குள் கணக்குப் போட்டார். ஐந்நூறு சனிக்கிழமைகளுக்கு மேல் இருக்கும். ஒரு தடவையாவது, "நீயும் வாடி" என்று சொல்லியிருக்கலாம். விஸ்கி இல்லாமலே சொல்லியிருக்கலாம். தோன்றவே இல்லை. பொய்யைவிட அந்தத் தோன்றாமைதான் இப்போது அதிகமாக உறுத்தியது.

அவள் காப்பியை நீட்டினாள். சீனி போடாதது. ஒரு வாய் குடித்தார். மலை நீலம் கட்டிக்கொண்டிருந்தது. தென்னங்கீற்றில் காற்று. நிஜமாகவே ருசியாக இருந்தது.

"புவனா," என்றார், "இனிமே சனிக்கிழமக்கிச் சனிக்கிழம நாம ரெண்டு பேரும் சேந்தே இங்க வருவோம்."

புவனேஸ்வரி டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"வேணாங்க. பக்கத்துல ஒரு ஆளு ஒக்காந்து பேசிக்கிட்டே இருந்தா ருசி தெரிய மாட்டேங்குது. நீங்க வீட்டுக்குப் போயி ஒலைய வச்சு அரிசியப் போடுங்க."