பதற்றமின்றி எட்டுப் போடுவது எப்படி

மாடம்பாக்கம்,
புதன்கிழமை காலை.

நம் திருச்சபை மாத இதழின் ஆசிரியர், அன்புச் சகோதரர் அசரியா அவர்களுக்கு,

லாசரஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் என் மனைவி ஜான்சியும் நலம். தாங்களும் தங்கள் மூட்டுவலியும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

'பதற்றத்தை வெல்வோம்' என்று பதினோரு மாதமாக நம் இதழில் நான் எழுதிவரும் தொடரைப் புத்தகமாக்கி, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெளியிடுவதாக அறிவிப்புப் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். என்னைப் பற்றி ஏதேதோ கேள்விப்பட்டிருப்பீர்கள். அதெல்லாம் வதந்தி என்று மறுப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்த பிறகு உண்மையை எழுதுவதே சுலபம் என்று தெரிந்தது.

முப்பத்து மூன்று வருடம் மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு மொபெட்டில் போய்வந்தவன் நான். லைசென்ஸ் கிடையாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரிட்டயர் ஆனதும் மகள் ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்து, இனி லைசென்ஸ் இல்லாமல் தெருவில் இறங்கக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். அதற்கு ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். தரையில் எட்டு வடிவத்தில் கோடு இருக்கும். காலை ஊன்றாமல் அதன் மேல் வளைந்து வர வேண்டும், அவ்வளவுதான். தீபாவளி நெரிசலில், முன்னால் காய்கறிப் பையும் பின்னால் ஜான்சியுமாக, சண்முகம் ரோட்டில் உயிர்மெய் எழுத்தெல்லாம் போட்டவன் நான். எட்டு எனக்கு எம்மாத்திரம் என்று போனேன்.

முதல் புதன்கிழமை, என் தொடரின் முதல் மாதத்து உத்தியைக் கையாண்டேன். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஏழு எண்ணும்வரை அடக்கி, எட்டு எண்ணும்வரை விட வேண்டும். அடக்கிய மூச்சில் ஆறு எண்ணும்போது முதல் வளைவு வந்துவிட்டது. எண்ணிக்கையை விடுவதா ஹேண்டிலைத் திருப்புவதா என்று யோசிப்பதற்குள் கால் என்னைக் கேட்காமலே தரைக்குப் போய்விட்டது. தீபலட்சுமி என்ற இன்ஸ்பெக்டர் அம்மா, என் மகள் வயதுதான் இருக்கும், அடுத்த வாரம் வரச் சொன்னார். நான் சுவாசத்தின் அறிவியலை விளக்க ஆரம்பித்தேன். பின்னால் பதினேழு வண்டி ஹாரன் அடித்தது.

அடுத்த வாரம் நான்காம் மாதத்து உத்தி. உங்களை நீங்களே பெயர் சொல்லி அழைத்துத் தைரியமூட்டுங்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, வாசகர் கடிதம்கூட இரண்டு வந்ததே. அதன்படி, "லாசரஸ், நீ அசையாத மலை" என்று வாய்விட்டுச் சொன்னேன். உடம்பு அதை அப்படியே நம்பிவிட்டது. வளைவில் வண்டி அசையாமல் நின்று, பிறகு பக்கவாட்டில் படுத்தது. இன்ஸ்பெக்டர் அம்மா லாசரஸ் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். விண்ணப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தணித்துக்கொண்டு, "சார், வீட்ல இருந்து யாராவது கூட வந்திருக்காங்களா?" என்றார்.

மூன்றாவது வாரம் ஒன்பதாம் மாதத்து உத்தி: அழுத்தத்தைக் கண்டு ஓடாதீர்கள், விருந்தாளி போல வரவேற்று அழையுங்கள். அழைத்தேன். நம் ஆண்கள் ஐக்கிய சங்கத்தார் பதினோரு பேர் வேன் பிடித்து வந்து மைதானத்தைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் ஜெபம் செய்தார், மற்றவர்கள் ஆமென் சொல்லிக் கை தட்டினார்கள், நான் கிளம்பினேன். வளைவு வந்தது, நான் வளையவில்லை. நேரே கேட்டைத் தாண்டினேன். ரோட்டில் ஏறியதும் வண்டி வெண்ணெயாய் ஓடியது, அதுதான் கொடுமை. திரும்பிப் போக மனசு வராமல் வீட்டுக்கே வந்துவிட்டேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஜான்சி, பாஸா என்று கேட்டாள். பதினோரு பேரும் என் விண்ணப்பத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன ஞாயிறு, கீழ்க்கட்டளை கிறிஸ்டினா டீச்சரின் மகள் ஜெரூஷா, பிளஸ் டூ எழுதப்போகிற பெண், ஆலய வாசலில் என்னிடம் வந்தாள். என் பதினோரு கட்டுரையையும் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். கேலியாகக் கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். "அங்கிள், நீங்க எந்தெந்த மாசத்து டெக்னிக் யூஸ் பண்ணீங்க? எக்ஸாம்ல அத மட்டும் விட்டுடறேன்" என்று பேனாவைத் திறந்துகொண்டு நின்றாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. இந்தப் பெண்ணுடைய பரீட்சையில் நான் கை வைத்துவிட்டேனே என்று அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

எனவே புத்தகம் வேண்டாம், பன்னிரண்டாம் பகுதியும் வேண்டாம். இன்று நான்காம் முறையாகப் போகச் சொல்லி ஜான்சி வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். தோற்றுவிட்டு வருகிற வழியில் இதைத் தபாலில் சேர்க்கிறேன். தங்கள் ஊழியமும் அச்சகமும் செழிக்கட்டும், தங்கள் பேரப்பிள்ளைகள் எந்தப் பரீட்சைக்கும் பயப்படாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
தாழ்மையுள்ள,
லாசரஸ்.

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். பாஸ். என் பெயரைக் கூப்பிட்ட அதே நிமிடம், இன்று கூடவே வந்திருந்த ஜான்சி பக்கத்தில் வந்து, நான் தொடர் எழுதுவதற்கு ஆதாரமாக வைத்திருந்த இங்கிலீஷ் புத்தகம் இரண்டு மூட்டையையும் காலையில் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், வீட்டுக்குப் போனதும் அவளை என்னென்ன கேட்பது என்று வரிசையாக யோசித்துக்கொண்டே போனேன். கடைசிக் கேள்விக்கு வந்தபோது எட்டு முடிந்திருந்தது, இன்ஸ்பெக்டர் அம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "உங்க புத்தியை வேற எங்கயாவது அனுப்பிட்டா, கையும் காலும் அதது வேலையைப் பாத்துக்கும்" என்கிறாள் ஜான்சி. வெளியீட்டு விழா ஞாயிறன்றே நடக்கட்டும். அட்டையில் என் பெயருக்குக் கீழே 'ஓட்டுநர் உரிமம் பெற்றவர்' என்று போடவும். ஜான்சி சொன்னதைச் சேர்க்க வேண்டாம். ஒரே வரியில் முடிந்துவிடுகிறது, அதை வைத்துப் புத்தகம் போட முடியாது.